கொம்பு வைத்த கிருமி

சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சியில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பெரிய அட்டை ஒன்றில் பாக்டீரியாவின் படத்தை வரைந்து வைத்திருந்தாள். கரிய உடல், தலையில் இரண்டு கொம்பு, இரத்தம் சொட்டும் கோரைப் பல், கையில் ஈட்டி. மேலே சிவப்பு எழுத்தில் ‘மனித குலத்தின் எதிரி’ என்று தலைப்பு. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன், படம் நன்றாகத்தான் இருந்தது. மதியம் மணி அடித்ததும் அவள் அந்த அட்டைக்குக் கீழேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர்ச் சோறு! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஏன் டீச்சர் சிரிக்கிறீங்க?” என்று கேட்டாள்.

“உன் எதிரியை நீ இவ்வளவு ருசித்துச் சாப்பிடுகிறாயே, அதற்குத்தான்” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அதில் அவள் குற்றம் ஒன்றும் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உயிரியல் பாடம் நடத்தி வருகிறேன். ‘நன்மை தரும் பாக்டீரியா, தீமை தரும் பாக்டீரியா’ என்று கரும்பலகையை நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து என்று எழுதிப் போடுகிறேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போனால் தொலைக்காட்சி விளம்பரத்தில் பச்சை நிறப் பூதங்கள் சமையல் மேடையில் ஆட்டம் போடுகின்றன. பாடம் மறந்துபோகிறது, பூதம்தான் மனத்தில் நிற்கிறது.

கிருமி என்றால் பயப்படுவதில் என்ன தவறு, சுத்தமாகத்தானே இருக்கச் சொல்கிறோம் என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. சுத்தம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? என் மனக்குறை வேறு. பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறோம். பயப்பட வேண்டிய இடத்தில் துணிச்சலாக நடந்துகொள்கிறோம். இதனால் உயிருக்கே கேடு வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

முதலில் நம் அடுக்களைக்கே வருவோம். இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் இதைக் கைராசி என்பார்கள். “அத்தை கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும்” என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கையே உண்டு. அத்தைக்கு அதில் பெருமை. அதனால் மாவு கரைக்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது! உண்மையில் மாவைப் பொங்க வைப்பது லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா. இதன் பங்கை விளக்கும் ஆய்வு 1965-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. இது உளுந்தோடு ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வருகிறது. ஊறவைத்து அரைத்ததும் மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவையும் அமிலத்தையும் வெளிவிடுகிறது. வாயு மாவைப் பொங்க வைக்கிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. மார்கழிக் குளிரில் மாவு பொங்கத் தாமதமாவதும், சித்திரை வெயிலில் விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிந்தோடுவதும் ஏன் என்பது இப்போது புரியும். அவை உயிருள்ளவை, அவற்றுக்கும் இதமான சூடு வேண்டும்.

தயிரும் அப்படித்தான். கொதித்த பாலில் உறைமோர் ஊற்றினால் தயிர் ஆகாது என்று சிறுமிக்கும் தெரியும். கொதிபாலில் பாக்டீரியா வெந்து செத்துவிடும் என்பதுதான் காரணம். வெதுவெதுப்பாக ஆறிய பாலில் அவை பெருகி, பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பால் உறைகிறது. அந்தப் புளிப்பில் வேறு பல தீய கிருமிகளால் தலையெடுக்க முடிவதில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் நம் பாட்டிமார் பாலைக் காப்பாற்றியது பாக்டீரியாவைக் காவல் வைத்துத்தான்.

தோட்டத்துக்குப் போனாலும் இதே கதை. நிலக்கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகு போலச் சின்னஞ்சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளுக்கு உறவான ஒரு பொருள் அங்கே இருக்கிறது. அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்துச் செடிக்கு உரமாக்கிக் கொடுக்கிறது. காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன் இருந்தும், எந்தச் செடியாலும் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. உளுந்துச் செடியின் வேரிலும் இந்த முடிச்சுகள் உண்டு. ஆக, இட்லிக்கு உளுந்து விளைவதற்கும் பாக்டீரியா, அரைத்த மாவு பொங்குவதற்கும் பாக்டீரியா!

இவையெல்லாம் வெளியே இருப்பவை. நம் உடம்புக்குள் எத்தனை இருக்கின்றன தெரியுமா? மனித உயிரணுக்களைப்போல் பத்து மடங்கு பாக்டீரியா நம் உடலில் உண்டு என்று நானே பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தேன். 2016-ஆம் ஆண்டு இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து திருத்திக் கணக்கிட்டார்கள். உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி என்று வந்தது. ஏறக்குறைய சரிக்குச் சரி. அத்தனையும் சேர்ந்து எடை 200 கிராம்தான். பெரும்பாலானவை பெருங்குடலில் இருந்துகொண்டு, நம்மால் செரிக்க முடியாத நாரைச் செரிக்கின்றன. இரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-யைச் செய்து தருகின்றன. வெளியிலிருந்து வரும் பொல்லாத கிருமிக்கு உட்கார இடம் கொடுக்காமல் இடத்தை நிறைத்துக்கொள்கின்றன.

இதில் என்னை மிகவும் நெகிழ வைத்த செய்தி ஒன்று உண்டு. தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரைப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. பிறகு எதற்காக அவை பாலில் இருக்கின்றன? குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோ என்ற நல்ல பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. தாய் தன் பிள்ளைக்கு மட்டுமா பால் கொடுக்கிறாள்? பிள்ளையைக் காக்கப்போகும் அந்தச் சிற்றுயிர்களுக்கும் சேர்த்தே அமுதூட்டுகிறாள்.

‘அப்படியானால் எது நல்லது, எது கெட்டது?’ என்று பட்டியல் கேட்பீர்கள். கரும்பலகையில் நான் கிழித்த கோடு இங்கேதான் காலை வாரிவிடுகிறது. ஈ.கோலை என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் குடலில் அதன் பெரும்பாலான வகைகள் சாதுவாகக் குடியிருக்கின்றன. அதே ஈ.கோலை சிறுநீர்ப் பாதைக்குப் போய்விட்டால் எரிச்சல், காய்ச்சல், வலி. ஆளைவிட அது இருக்கும் இடம் முக்கியம் என்று சொல்லலாம். பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்பதால் கூச்சப்படாமல் ஒன்று சொல்கிறேன். அருட்சகோதரிகள் என்னைத் தவறாக நினைக்கமாட்டார்கள். கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து மாலை வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காத மாணவிகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்கும்போது அந்தக் கிருமிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. அடக்கி வைத்தால் அவை தங்கிப் பெருகுகின்றன. தண்ணீர் பாட்டிலை நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். பெற்றோரும் அதைத் திறந்து பாருங்கள். கழிவறையைச் சுத்தமாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு. அதில் குறையிருந்தால் வந்து கேளுங்கள்.

இனிச் சொல்லப்போவது சற்று வருத்தமான விஷயம்.

கோடை மழையின் முதல் தூறல் விழும்போது மண்வாசனை எழுகிறதல்லவா? அந்த வாசனையைத் தருவது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற இனத்து மண் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஒரு பொருள். அந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றிலிருந்துதான் 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் மாணவர் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டுபிடித்தார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் நல்ல மருந்து அது. ஒரு பாக்டீரியா தந்த மருந்து இன்னொரு பாக்டீரியாவிடமிருந்து மனிதனைக் காப்பாற்றியது. (1952-இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும்தான் கிடைத்தது. மாணவருக்குக் கிடைக்கவில்லை. ஆசிரியையான எனக்கே இது உறுத்துகிறது.)

மருந்து வந்தும் பயம் போகவில்லை. நான் முன்பு வேலை பார்த்த வேறொரு பள்ளியின் விடுதியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் காசநோய் கண்டது. இரண்டு மாதம் வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டாள். இனி மற்றவருக்குத் தொற்றாது, பள்ளிக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்பி வந்தாள். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஒரு தாய் வந்து, “என் பெண்ணை வேறு இடத்தில் உட்கார வையுங்கள்” என்று கேட்டார். விடுதியில் அவளுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தனியாக எடுத்து, அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தார்கள். காசநோய்க் கிருமி இருமும்போதும் தும்மும்போதும் காற்று வழியாகப் பரவுவது. டம்ளர் வழியாக அது பரவுவதில்லை. இது எனக்குத் தெரியும். பாடமே நான்தான் நடத்தினேன். ஆனாலும் அன்று நான் வாய் திறக்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்தவள், ஏன் வம்பு என்று இருந்துவிட்டேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை.

இத்தனைக்கும் இந்தப் பயத்துக்கு விடை நம் சென்னையிலேயே கிடைத்துவிட்டது. அந்நாளில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் தனியாகப் படுக்க வேண்டும். தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். 1956-இல் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுவே. ஏழை நோயாளிகளில் ஒரு பாதிப் பேரைச் சானடோரியத்திலும், மறு பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நல்ல உணவில்லை, ஓய்வில்லை, இடவசதியில்லை. ஆயினும் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. டம்ளருக்குப் புள்ளி வைத்தவர்கள் இதைப் படித்திருக்கவில்லை. படித்திருந்த நானோ சொல்லவில்லை.

தேவையில்லாத பயத்தைச் சொன்னேன். தேவையில்லாத துணிச்சலையும் சொல்லிவிடுகிறேன். அதிலும் நான் குற்றவாளிதான்.

எங்கள் வீட்டு பீரோவின் மேல் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. மிச்சம் விழுந்த மாத்திரைகள் எல்லாம் அதில் கிடக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள்! என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பரீட்சைத் தாள் திருத்தும் அவசரத்தில் நான், முந்தைய ஆண்டு அவனுக்கே எழுதிக் கொடுத்ததில் மிஞ்சியிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கொடுத்தேன். அடுத்த நாளும் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டெங்கு! டெங்குவை உண்டாக்குவது வைரஸ். பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. சளி, ஃப்ளூ காய்ச்சல் இவையும் வைரஸால் வருபவையே. பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் இரண்டு நாளை நான் வீணாக்கினேன். அவன் குடலில் இருந்த நல்ல பாக்டீரியாக்களையும் காரணமில்லாமல் கொன்றேன்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. ஈ.கோலை போன்ற பாக்டீரியா வசதியான சூழ்நிலையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். எட்டு மணி நேரத்தில் ஒன்று 1,67,77,216 ஆகிவிடும். கணக்குப் பாட வேளையில் போட்டுப் பாருங்கள். இத்தனை கோடியில் ஒன்றிரண்டு தற்செயலாக மருந்துக்கு அசையாததாகப் பிறக்கலாம். கண்டபடி மாத்திரை விழுங்கும்போது சாதுவானவை சாகின்றன. அசையாதவை மட்டும் மிஞ்சி, காலியான இடம் முழுவதும் தம் வாரிசுகளை நிரப்புகின்றன. பிறகு அந்த மருந்து அவரிடம் மட்டுமல்ல, அவரிடமிருந்து கிருமியைப் பெறும் அடுத்தவரிடமும் பலிக்காது. ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்த தொடக்க நாட்களில் சில மாதங்களிலேயே இது நடந்தது. அதனால்தான் காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துப் பல மாதம் கொடுக்கிறார்கள். உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் மாதமே நிறுத்துகிறவர், கிருமிக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறார். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தை உட்கொண்டால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவை ஆகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார். நாம் கேட்டோமா? மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவினால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மருந்துக் கடைக்காரரிடம் “சளிக்கு நாலு மாத்திரை கொடுங்க, கொஞ்சம் பவரா இருக்கட்டும்” என்று கேட்கும் தகப்பனார்களுக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரை அட்டையின் பின்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 2016-இல் மத்திய அரசு இதைப் பற்றிப் பெரிய பிரசாரமே செய்தது. கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது. டாக்டர் சொன்ன நாள் முடியும் வரை நிறுத்தவும் கூடாது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் முதலில் தேட வேண்டியது அந்த அட்டையை அல்ல, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய் பீப்பாயாகக் கலந்து கொடுத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். காலராவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றிப்போவதே.

சரி, கிருமியை எங்கேதான் எதிர்ப்பது? கையில். சாப்பிடுமுன்னும் கழிவறைக்குப் போய் வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கழுவுவதைவிடப் பெரிய ஆயுதம் சாதாரண மக்களுக்கு இல்லை. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் 1846-இல், டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த வார்டில் 100 தாய்மாருக்கு 11 பேர் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் இறந்தவர்கள் 3 பேருக்கும் குறைவு. பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவ வார்டுக்கு வருவதே காரணம் என்று கண்டுகொண்ட செம்மல்வைஸ், 1847-இல் அவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். சாவு விறுவிறுவென்று குறைந்தது. பாக்டீரியாதான் நோய்க்குக் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இதற்கு விலையுயர்ந்த சோப்பு வேண்டும் என்று நினைக்காதீர்கள். கிருமிநாசினி கலந்தது என்று விற்ற சோப்புகள் சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட மேலானவை என்பதற்கு உற்பத்தியாளர்கள் ஆதாரம் காட்டவில்லை என்று சொல்லி, டிரைக்ளோசன் உள்ளிட்ட 19 பொருள்களை அவற்றில் சேர்க்கக்கூடாது என்று 2016-இல் அமெரிக்க அரசு தடுத்தது. நம் வீட்டுத் துணி சோப்பின் துண்டு போதும். அந்தத் துண்டுதான் நம் பள்ளிக் குழாயடியில் காணாமல் போய்விடுகிறது! திங்களன்று வைத்தால் செவ்வாயன்று இருப்பதில்லை. பழைய காலுறையில் போட்டுக் குழாயில் கட்டிவைக்கலாம் என்று ஒன்பதாம் வகுப்பார் யோசனை சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. தலைமைச் சகோதரியிடம் கேட்டிருக்கிறேன்.

கொம்பு வைத்த கிருமியை வரைந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இவ்வாண்டுக் கண்காட்சிக்கும் பாக்டீரியாதான் தன் தலைப்பு என்கிறாள். படம் வேண்டாம், பொருளாகவே வைக்கிறேன் என்று சொன்னாள். வேரோடு ஒரு நிலக்கடலைச் செடி, சிவப்புக் கோடு போட்ட காலி மாத்திரை அட்டை, காலுறையில் கட்டிய சோப்பு, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இட்லி மாவு. எத்தனை மணிக்கு அரைத்தால், பெரியவர்கள் பார்வையிட வரும் பதினோரு மணிக்குச் சரியாக விளிம்பு வரை பொங்கி நிற்கும் என்று அவள் அம்மாவும் அவளும் மூன்று நாளாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்றைய மாவு ஒன்பதரை மணிக்கே வழிந்துவிட்டதாம்.